தன் தலைக்குத் தானே சடாரி வைத்தவள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன். பூஜை அலமாரிப் பக்கம் கண் போகும். மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். நான் எட்டாவது வரை படித்தவள், எழுத்து கோணல்மாணலாக வரும். ஆனால் அதற்காகத் தயங்கவில்லை. நான் சொல்லப்போகிறவள் பெருமாள் விஷயத்தில் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். அதை அப்படியே எழுதினால் பக்தியுள்ளவர்கள் முகம் சுளிப்பார்களே என்ற பயம். முதன்முதலில் பார்த்தபோது நானும் சுளித்தவள்தான். ஆனாலும் எழுதாமல் போனால் அவளுக்கு நான் பட்ட கடன் அப்படியே நின்றுவிடும் என்று தோன்றுகிறது. பெருமாளை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

அவள் பெயரை எழுதமாட்டேன். எழுதினால், எங்கே இருந்தாலும் வந்து, "இன்னாக்கா, என்னைப் பத்தி ஊர் பூரா தமுக்கு அடிச்சியாமே" என்று நிற்பாள். தெலுங்கில் சித்தியைப் பின்னி என்பார்கள். சித்தூரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் அவளைப் பின்னி என்றுதான் கூப்பிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டோம். என்னைவிட வயதில் சின்னவள். ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை. புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர், வந்தால் வந்தார். லல்லி என்று ஒரே பெண்.

எல்லா வீட்டுக்கும் சேர்த்து வாசலில் ஒரே குழாய். நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு காலையில் நான் குடத்தோடு நின்றிருந்தேன். பின்னி வீட்டுக் கதவு திறந்திருந்தது. கீழே பால் கொட்டி ஓடியிருந்தது. அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற லல்லியின் முதுகில் பட்டென்று ஒன்று வைத்தாள். குழந்தை வீல் என்றது. அந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பூனை, மீசையெல்லாம் பாலாக, வெளியே ஓடியது.

பின்னி அடுப்பை அணைத்தாள். குழந்தை எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பால கொட்னது பூனைடி. நான் பாக்காமயே உன்ன அடிச்சிட்டேன். என் தப்பு. எங்க வலிக்குது?"

லல்லி முதுகைத் திருப்பிக் காட்டினாள். பின்னி அந்த இடத்தில் வாய் வைத்து ஊதினாள். நல்லபடியாக ஊதி முடித்துவிட்டு, "செரி, இப்ப எனக்கு" என்று எழுந்தாள். பாத்திர அலமாரியிலிருந்து ஓரம் நசுங்கின ஒரு எவர்சில்வர் சொம்பை எடுத்தாள். கவிழ்த்தாள். கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் குனிந்து, தன் தலையில் தானே வைத்து எடுத்தாள். பெருமாள் கோயிலில் தீர்த்தம் கொடுத்த பிறகு பட்டர் நம் தலையில் வைத்து எடுப்பாரே, சுவாமியின் பாதம் உள்ள சடாரி, அச்சு அசல் அதே மாதிரி. "ம், ஆச்சு" என்றாள்.

"அம்மாக்கு சடாரி! அம்மாக்கு சடாரி!" என்று லல்லி கண்ணீரோடு கை தட்டினாள்.

"இன்னாம்மா இது, சாமி விஷயத்துல வெளாட்டா? குத்தமாயிடப் போவுது" என்றேன்.

அவள் சொம்பைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "கோயில்ல சடாரி வெக்கறவரு, 'நேத்து கொழந்தய அடிச்சியா, பால கொட்னியா'ன்னு கேட்டுட்டா வெக்கறாரு? வரிசைல நிக்கறவங்க தலைல எல்லாம் வெச்சிகினே போறாரு. வீட்ல எனக்கு யாருக்கா வெப்பாங்க? அதான் நானே வெச்சிக்கறேன்."

"அதுக்குன்னு சொம்பா?"

"எங்க வீட்ல வெள்ளி இல்லக்கா."

அன்றைக்கு சாயங்காலம் பெருமாளிடம் அவளுக்காகவும் சேர்த்து ஒரு விளக்கு ஏற்றி மன்னிப்புக் கேட்டேன். சில நாள் அவளோடு சரியாகப் பேசவும் இல்லை. ஆனால் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்?

பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. அவள் வரிசை தப்புவதே இல்லை. முதலில் பிள்ளையிடம் போய்த் தன் தப்பைத் தானே சொல்லுவாள். 'நீ மட்டும் ஒழுங்கா இருந்தியா' என்று ஒரு வால் அதில் ஒட்டியிருக்காது. பிறகுதான் சொம்பு. சொம்பு வைத்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கமாட்டாள். சோற்றை அடிப்பிடிக்க விட்டாலும் இதே கதைதான். ஒரு முறை பள்ளிக்கூடத்தில் கலர் டிரெஸ் போட்டு வரச் சொன்ன நாளில் லல்லியை யூனிபாரத்தில் அனுப்பிவிட்டாள். விஷயம் தெரிந்து ஹாஸ்டலிலிருந்து ஓடிவந்து, பூப்போட்ட கவுனை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். நானும் கூடப் போனேன். கேட்டுக்கு வெளியே குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொம்பைத் தேடினாள். இல்லை. டிபன் பாக்ஸ் மூடியைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். வாட்ச்மேன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். "உனக்கும் வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அவளைப் பெரிய பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கத்துவாள். வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் அவள் கத்தலில்தான் காலையில் எழுந்திருப்போம். லல்லியும் லேசுப்பட்டவள் இல்லை. தெருமுனையில் வரும்போதே, "அம்மோவ்! கணக்குல ஊத்திகிச்சு!" என்று அறிவிப்பாள்.

"எவ்ளோடி?"

"பதினாலு!"

"போன தடவ பன்னெண்டு. ஏறுதுடி! கை கால் கழுவிகினு வா. துன்னுட்டு உக்காரலாம்."

உட்காரவும் வைப்பாள். சாயங்காலம் முழுக்க வகுத்தல் கணக்கோடு இரண்டு பேரும் மல்லுக்கட்டுவார்கள். "ஏழுல இருந்து மூணு போனா எவ்ளோடி? விரல மடக்கு! கால் விரல இல்லடி, கை விரல!" என்று சத்தம் வரும். நடுவில் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பு வரும்போதெல்லாம் என் பெண் பத்மா தன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிச் சுவரைப் பார்ப்பாள். நான் அதைப் பார்த்ததுண்டு. அர்த்தம் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக் கதை வேறு. என் வீட்டுக்காரர் பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கிறவர். பழத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் இது நல்லது, இது கழிவு என்று கூடை மாற்றிப் போடுவார். அதே கண்ணால்தான் தன்னையும் பார்த்தார். தன்னைக் கழிவுக் கூடையில் போடாத நாள் இல்லை. பத்மாவுக்குக் காய்ச்சல் வந்தால், "நான் அன்னிக்கு மழைல கூட்டினு வந்ததால" என்று அன்னம் தொடமாட்டார். மார்க்கு குறைந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடுவார். பெரிய விஷயமாக இருந்தால் திருப்பதிக்குப் போய், அலிபிரியிலிருந்து வெறும் வயிற்றோடு மலையேறி, முழங்கால் முறிச்சான் படிகளை முழங்காலாலேயே ஏறிவிட்டு வருவார். முட்டி வீங்கி, தோல் உரிந்து, விந்தி விந்தி வாசலில் வந்து நிற்பார். பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. கை நீட்டியதே இல்லை. "புள்ள செஞ்ச தப்புக்குத் தான் தண்டன வாங்கிக்கற அப்பன் எங்க கிடைப்பான்" என்று எங்கள் சொந்தத்தில் எல்லாரும் மெச்சுவார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. நேர்த்திக்கடன் செலுத்துவதும் வயிறு காய்வதும் நம் குலத்தில் புதிதா என்ன?

பத்மாவையும் எல்லாரும் மெச்சினார்கள். சத்தமே வராத பெண். எது வேண்டும் என்று கேட்கமாட்டாள். எது நடந்தது என்று சொல்லமாட்டாள்.

ஒரு நாள் குழாயடியில் பின்னி சொன்னாள். "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. உங்க பத்மா எங்க வீட்ல வந்து சிரிக்கறப்ப கூட, வாசக்கதவ ஒரு தரம் பாத்துட்டுதான் சிரிக்குது."

"அடக்கமான பொண்ணும்மா அது" என்றேன்.

"ம்" என்றாள். குடம் நிரம்பி வழிந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்மா ஒன்பதாவது படித்த வருஷம், மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தபோது அது நடந்தது. முழுப் பரீட்சையில் அவள் சயின்ஸில் தவறியிருந்தாள். அதற்காக அவர் அப்போதுதான் மலைக்குப் போய் வந்து, முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, ஒரு வேளைச் சோறு மட்டும் தின்று விரதமாக இருந்தார். ஒரு சாயங்காலம் நான் கவனித்தேன், பத்மா வீட்டுக்குள்ளும் துப்பட்டாவை முழுக்கப் போர்த்திக்கொண்டு திரிந்தாள். சாதத்தைத் தட்டில் போட்டால், "அப்புறம் துன்றேன்மா" என்று அந்தப் பக்கம் எடுத்துக்கொண்டு போனாள். வயதுக்கு வந்த பெண், வயிற்று வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் பின்னி உள்ளே வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நேரே பத்மாவிடம் போய், "லல்லி சொல்லிடிச்சி. அது மேல கோவப்படாத. நான் பாக்கட்டுமா கண்ணு?" என்று துப்பட்டாவை மெதுவாக விலக்கினாள்.

வலது முன்கை பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கி, நடுவில் வளைந்திருந்தது.

சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறாள். முந்தின நாளே. ஒரு ராத்திரி பூராவும் அந்தக் கையோடு எங்களுக்கு நடுவில் படுத்திருக்கிறாள். முனகவில்லை. அவர் மண்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா சொல்லல? நைனா திட்டவா போறேன்? என்னிக்காவது திட்டியிருக்கேனா?"

பத்மா தரையைப் பார்த்தாள். "சொன்னா நீ துன்னமாட்ட நைனா."

அவ்வளவுதான் சொன்னாள். கை ஒடிந்தது கூடப் பெரிதில்லை என்று தோன்றியது அப்போது. இந்தப் பெண் இனி வாழ்நாள் பூராவும் எது ஒடிந்தாலும் எங்களிடம் சொல்லமாட்டாளே என்றுதான் தோன்றியது.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் புத்தூருக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் எலும்பு ஒடிந்தால் புத்தூர்க் கட்டுதான். பின்னி ஹாஸ்டலுக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தாள். கட்டுப் போடுகிறவர் கையை இழுத்து நேராக்கினபோது கட்டுக்கு வந்திருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் அலறினார்கள். பத்மா அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணீர் விடுகிறாரா என்று பார்த்தாள். பச்சிலையும் முட்டை வெள்ளையும் வைத்து, மூங்கில் சிம்பு கட்டி, கழுத்தில் தூளி மாட்டி அனுப்பினார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். இட்லி வந்தது. அவர் தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு வேணாம். இந்த தடவ அடிவாரத்துலேர்ந்து மேல வரைக்கும் முழங்கால்லயே போறேன்னு வேண்டிகினு இருக்கேன். போய்ட்டு வந்துதான் அன்னம்."

பத்மா இடது கையில் எடுத்த இட்லித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

பின்னி அதைப் பார்த்தாள். "அண்ணா, கை ஒடைஞ்சது யாருக்கு?"

"என்னாம்மா கேள்வி இது."

"சொல்லுங்கண்ணா."

"புள்ளைக்கு."

"அது முந்தாநேத்திலேர்ந்து பட்டினி. இப்ப உங்க தட்டப் பாத்து அதுவும் வெச்சிடுச்சி. பாருங்க."

அவருக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அபூர்வம். "நான் அத அடிச்சேனா? திட்னேனா? தண்டன எல்லாம் நானே வாங்கிக்கறேன். அதுக்கு மேல ஒரு அப்பன் என்னம்மா செய்வான்?"

பின்னி தம்ளர் தண்ணீரைப் பாதி குடித்தாள். பிறகுதான், அதுவரை எனக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"எங்கம்மாவும் என்ன அடிச்சதில்லண்ணா. நான் எதனா தப்பு செஞ்சா தன் தலைல தானே அடிச்சிக்குவா. சுவத்துல முட்டிக்குவா. 'உன்ன பெத்தேனே, ஒழுங்கா வளக்கத் தெரிலயே'ன்னு. நான் மூலைல நின்னு பாத்துகினு இருப்பேன். ஒரு தபா கோயிலுக்குப் போனோம். சடாரி வெச்சாங்க. அது தலைல பட்டதும் எங்கம்மா மொகம் அப்டி அமைதியா ஆச்சி. நான் அந்த மாதிரி அவ மொகத்த பாத்ததே இல்ல. வீட்டுக்கு வந்து அடுத்த தபா அவ தலைல அடிச்சிக்கறப்ப, நான் ஓடிப்போய் சொம்ப எடுத்து அவ தலைல வெச்சேன். நல்லா வெச்சேன்னுதான் நெனக்கறேன். அவ தட்டி வுட்டுட்டா. 'பாவிக்கு இன்னாத்துக்குடி சடாரி'ன்னா. சொம்பு போய் அம்மிக்கல்லு மேல வுழுந்து ஓரம் நசுங்கிப் போச்சி. அதுக்கப்புறம் நான் அவகிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. கல்யாணத்துக்கு அந்த சொம்ப மட்டும் கேட்டு வாங்கினு வந்தேன்."

ஓட்டல்காரர் சட்னி ஊற்ற வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஊற்றாமல் போனார்.

அப்போது பத்மா எழுந்தாள். தன் தம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். இடது கையால் தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி அப்பா பக்கத்தில் வந்து நின்றாள். "இடது கைதான் நைனா இருக்குது. பரவால்லியா?"

என் வீட்டுக்காரர் இடது கையால் விபூதி கொடுத்தால் வாங்கமாட்டார். காய்கறிக்காரி இடது கையால் தராசு தூக்கினால் வேறு கடைக்குப் போய்விடுவார். நான், பெருமாளே, இவர் தட்டிவிடாமல் இருக்கவேண்டும், அது ஒன்று போதும் என்று வேண்டிக்கொண்டேன். பின்னி கண்ணை மூடிக்கொண்டாள். அவளும் அதைத்தான் வேண்டியிருப்பாள்.

அவர் நிமிர்ந்து பத்மாவைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு, கோயிலில் வாய்பொத்தி நிற்பாரே, அதே மாதிரி வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தார்.

அவள் வைத்தாள். எடுத்தாள். "ம், ஆச்சு" என்றாள், பின்னி சொல்லுகிற மாதிரியே.

அவர் குனிந்த தலையைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தவில்லை. பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு இட்லியைப் பிட்டு பத்மாவின் வாயருகே கொண்டுபோனார். "நீ மொதல்ல துன்னு நைனா" என்றாள். தின்றார். அழுதுகொண்டேதான் தின்றார். ஆனால் தின்றார். பின்னி ஓட்டல்காரரைக் கூப்பிட்டு, "இப்ப ஊத்துங்க சட்னிய" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பத்மா பேசினாள். தொலைந்துபோன ஜாமெட்ரி பாக்ஸ், பிரேயரில் மயங்கி விழுந்தது, கிளாஸில் ஒரு பெண் தன்னைக் குட்டச்சி என்று கூப்பிடுவது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் சுருங்கும். சுருங்கினதும் பத்மா அவர் தலையை ஒரு பார்வை பார்ப்பாள். அவர், "ம், சொல்லு" என்பார்.

ஒரே நாளில் மனுஷர் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகும் சில தடவை தட்டைத் தள்ளியிருக்கிறார். பத்மா தம்ளரை எடுத்துக்கொண்டு வருவாள். கட்டு அவிழ்த்த பிறகு குடும்பமாக மலைக்கு நடந்து போனோம். முழங்கால் முறிச்சான் வந்ததும் அவர் நின்றார். பத்மாவும் நின்றாள். அவர் சிரித்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காலாலேயே ஏறினார். தரிசனம் நல்லபடியாக ஆயிற்று. பெருமாள் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

பின்னியின் புருஷனுக்கு ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். கிளம்புகிற அன்று நான் ஆசைப்பட்டு அந்தச் சொம்பைக் கேட்டேன். "அத தவுர எது வேணா எடுத்துக்கோக்கா. உங்க வீட்லதான் தம்ளர் கீதே" என்றாள். டெம்போவில் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து, சொம்பை மடியில் வைத்துக்கொண்டு போனாள். பிறகு போன் நம்பர் மாறி, தொடர்பு விட்டுப்போயிற்று.

பத்மா இப்போது திருப்பதியில் குடித்தனம் செய்கிறாள். நடக்க ஆரம்பித்த ஒரு பையன் இருக்கிறான். போன வாரம் போன் செய்தாள். "அம்மா, இன்னிக்கு புள்ள மேல எரிஞ்சி வுழுந்துட்டேம்மா."

"அப்புறம்?"

"தப்புன்னு அவன்கிட்ட சொன்னேன். அவனுக்கு இன்னா புரியும், மூக்கப் புடிச்சி இழுத்தான்."

"அப்புறம்?"

பாத்திரம் ஒன்று எங்கேயோ உருளுகிற சத்தமும் குழந்தை கெக்கெக்கென்று சிரிக்கிற சத்தமும் கேட்டன.

அதனால்தான் எழுதினேன். படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வைத்திருக்கிற நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் மாற்றாதீர்கள். அவள் கோபமே வராதவள் என்று ஆக்கிவிடாதீர்கள். குழந்தையை அடித்தாள், அதை விட்டுவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சொம்பு, அந்த வரிசையை மாற்றாதீர்கள். என் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று சொல்லிவிடாதீர்கள். பெருமாள் கனவில் வந்து சொன்னார் என்று ஒரு அற்புதத்தைச் சேர்க்காதீர்கள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சொம்பை வெள்ளி என்று மட்டும் சொல்லிவிடவே கூடாது. அது எவர்சில்வர். ஓரம் நசுங்கினது.